கைக்கணினிக்குள் லினக்ஸ் குடியேறும் விதம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போகிறவர்கள் தேக்குத் தூணையும் பீங்கான் சாடியையும் எனாமல் தூக்கையும் தேடுவார்கள். கணினிப் பித்துப் பிடித்தவர்கள் தேட வேண்டிய இடம் வேறு: பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை வீடுகளின் இரண்டாம் கட்டு அறைகள். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்த்தவர்கள் 2000ஆம் ஆண்டை ஒட்டி வாங்கி வந்த காம்பாக் ஐபேக், ஹெச்பி ஜோர்னாடா, பாம் பைலட் போன்ற கைக்கணினிகள் இரும்புப் பெட்டிக்குள் சார்ஜர் ஒரு பக்கம், தாம் ஒரு பக்கமாகக் கிடக்கும். இப்போது ஏழெட்டு வயதான ஆண்ட்ராய்டு போன்களும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டிருக்கின்றன. வீடு ஒழுங்குபடுத்தும்போது ஒன்று அகப்பட்டால் ஆச்சிமார் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “தம்பி, இது இனிமேல் ஓடுமா?”

ஓடும் அல்லது ஓடாது என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல வழியில்லை. கருவியின் வயதை வைத்தும் சொல்ல முடியாது. உள்ளே எந்தச் சிப் எந்தக் கம்பி வழியாக எதனோடு பேசுகிறது என்பதை வெளியுலகுக்குத் தெரியும்படி யாராவது எழுதிவைத்திருக்கிறார்களா என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். இருபத்தைந்து வயதான ஐபேக்கில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றிவிடலாம். நேற்று வந்த சில போன்களில் தலைகீழாக நின்றாலும் முடியாது. இது ஏன் என்று விளங்க வேண்டுமானால், ஓர் இயங்குதளத்தை இன்னொரு கருவிக்குப் போர்ட் செய்வதில், அதாவது கொண்டுபோய்ப் பொருத்துவதில், உண்மையாக என்ன வேலை நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பலரும் நினைப்பதுபோல இயங்குதளத்தை அடியிலிருந்து திருப்பி எழுதுவது கிடையாது. 1973இல் யூனிக்ஸ் என்ற இயங்குதளம், எந்தச் சிப்புக்கும் மாற்றிக்கொள்ளக்கூடிய சி மொழிக்கு மாறியபோதே அந்தத் தலைவலியில் பாதி தீர்ந்துவிட்டது. 1977இல் ஆஸ்திரேலியாவின் வொலொங்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லர் இன்டர்டேட்டா 7/32 என்ற கணினியிலும், அதே காலத்தில் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சனும் டென்னிஸ் ரிச்சியும் இன்டர்டேட்டா 8/32 கணினியிலும் யூனிக்ஸை ஓடவைத்தார்கள். பிடிபி-11 கணினிக்காக வளர்ந்த ஒன்று, அதோடு எந்த உறவும் இல்லாத இயந்திரத்தில் ஓடியது. லினக்ஸின் கதை இன்னும் வேடிக்கையானது. 1991இல் அதை அறிவித்தபோது லினஸ் டோர்வால்ட்ஸே, இது 386 சிப்பை நம்பி எழுதப்பட்டது, வேறு இயந்திரத்துக்குப் போகக்கூடியதல்ல என்றுதான் சொன்னார். 1994இல் ரஸ்ஸல் கிங் அதை ஏகார்ன் கணினிகளின் ஆர்ம் சிப்புக்குக் கொண்டுபோகத் தொடங்கிவிட்டார். இன்று உலகத்தின் போன்களில் பெரும்பாலானவை ஆர்ம் சிப்பில் லினக்ஸின் மையநிரலான கெர்னலைத்தான் ஓட்டுகின்றன.

கொண்டுவிற்கப் போன நகரத்தார் ரங்கூனில் கடை வைத்தாலும் பினாங்கில் வைத்தாலும் பேரேடு எழுதும் முறை ஒன்றுதான். நாணயமும் ஊர்ச் சட்டமும்தான் மாறும். கெர்னலும் அப்படித்தான் பிரிந்திருக்கிறது. எந்த நிரலுக்கு எப்போது முறை தருவது, கோப்புகளை எப்படி அடுக்குவது, நெட்வொர்க்கில் எப்படிப் பேசுவது என்பவற்றைப் பார்த்துக்கொள்ளும் பெரும்பகுதிக்குத் தான் எந்தச் சிப்பில் இருக்கிறோம் என்ற கவலையே இல்லை. அதற்குக் கீழே, நினைவகப் பக்கங்களையும் கடிகாரத்தையும் குறுக்கீடுகளையும் கையாளும் சிறிய பகுதி ஒன்று உண்டு; அதைச் சிப் குடும்பத்துக்கு ஒருமுறை எழுதினால் போதும். அதற்கும் கீழே இருப்பது குறிப்பிட்ட கருவியின் பலகை. எந்தப் பொத்தான் எந்த முனையில், திரைக்கு மின்சாரம் எங்கிருந்து, ஒலிச் சிப்பை எழுப்புவது எப்படி என்ற விவரமெல்லாம் இங்கேதான். யூனிக்ஸ் வழிவந்த நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் குழுவினர் இந்தப் பிரிவினையை ஒரு சமய ஆசாரம்போலவே காப்பாற்றி வருகிறார்கள். ஓர் உறுப்பை இயக்கும் ஒரே டிரைவர் நிரல் பத்து வகை இயந்திரங்களில் திருத்தமில்லாமல் ஓடவேண்டும் என்பது அவர்கள் நெறி. கைக்கணினிக்காரர்களின் பாடு முழுவதும் அந்தக் கடைசி அடுக்கில்தான்.

மேசைக் கணினியில் இந்தப் பாடு தெரியாது. பயாஸ் முதலில் எழுந்து, இவ்வளவு நினைவகம் இருக்கிறது, வட்டு இங்கே இருக்கிறது என்று சொல்லிவிடும். பிசிஐ தடத்தில் செருகிய ஒவ்வோர் அட்டையும் தன்னைத் தயாரித்தவரின் எண்ணையும் தன் எண்ணையும் கேட்டால் ஒப்பிக்கும். கெர்னல் ஆள்பார்த்து டிரைவரைப் பொருத்திக்கொள்ளும். கைக்கணினியில் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ஒரு நினைவக முகவரியில் ஓர் எண்ணை எழுதினால் திரை எரியும் என்பது, அது தெரிந்தவருக்கு மட்டுமே தெரியும். தெரியாமல் வேறோர் இடத்தில் எழுதினால் பிழைச் செய்தி வராது. கருவி ஊமையாகிவிடும், அவ்வளவுதான்.

அதனால் ஆர்ம் லினக்ஸில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பலகைக் கோப்பைச் சி மொழியில் எழுதினார்கள். கருவிக்கு ஓர் எண்ணைப் பதிவு செய்து, கருவி விழித்ததும் கெர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர் அந்த எண்ணைக் கெர்னலிடம் தர, கெர்னல் தன்னிடமுள்ள பலகைக் கோப்பைத் தேடி எடுக்கும். கருவிகள் பெருகியதும் கோப்புகள் புற்றீசலாகப் பெருகின. 2011இல் டோர்வால்ட்ஸ் பொறுமையிழந்து ஆர்ம் பகுதியைக் கடுஞ்சொற்களில் திட்டித் தீர்த்தது இத்துறையில் பிரசித்தம். அதன் பிறகுதான் டிவைஸ் ட்ரீ என்ற முறை ஆர்ம் உலகில் வேரூன்றியது. பவர்பிசி கணினிகளில் ஏற்கெனவே பழக்கத்தில் இருந்த முறைதான். கருவியின் வரைபடத்தை நிரலாக எழுதாமல் வெறும் விவரப் பட்டியலாக எழுதிவிடுவது. கெர்னல் ஒன்றே, பட்டியல் மட்டும் கருவிக்குக் கருவி வேறு. திருத்தம் நல்லதுதான். ஆனால் பட்டியலில் எழுத வேண்டிய விவரம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அது பதிலாகாது.

ஐபேக்கின் விஷயத்தில் அந்தப் பதில் தயாரித்தவர்களிடமிருந்தே வந்தது. அதற்கு முன்பே 1998இல் ஜெஃப் டியோனும் கென்னத் அல்பனோவ்ஸ்கியும், நினைவக மேலாண்மை வசதியே இல்லாத டிராகன்பால் சிப் கொண்ட பாம் பைலட்டில் யூசிலினக்ஸ் என்ற மெலிந்த லினக்ஸை ஓட்டிக் காட்டியிருந்தார்கள். பயன்பாட்டைவிடப் பிடிவாதத்துக்குச் சாட்சி அது. 2000இல் வந்த ஐபேக் ஹெச்3600 வேறு ரகம். 206 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங்ஆர்ம் எஸ்ஏ-1110 சிப், 32 எம்பி நினைவகம், மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் சேமிப்பு 16 எம்பி, 240க்கு 320 புள்ளிகள் கொண்ட வண்ணத் திரை. கடையில் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் சிஇ ஏற்றித்தான் விற்றார்கள். ஆனால் காம்பாக்கின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் ஜிம் கெட்டிஸ் போன்றோர் இருந்தார்கள். யூனிக்ஸ் கணினிகளில் திரையை வரையும் எக்ஸ் விண்டோ அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். அந்த ஆய்வகமே லினக்ஸைப் போர்ட் செய்து, பூட்லோடரும் எழுதி, உள்ளமைப்பு விவரங்களோடு வெளியே விட்டது. அதன் மேல் ஃபமிலியர் என்ற, லினக்ஸோடு மற்ற நிரல்களையும் சேர்த்துக் கட்டிய முழு விநியோகம் எழுந்தது. ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரிவு ஒரு பாதையில் போக, ஆய்வகம் தன் சொந்தக் கருவியின் கதவை உள்ளிருந்து திறந்துவிட்ட அபூர்வம் இது. இப்போதெல்லாம் வக்கீல்கள் விடமாட்டார்கள்.

அந்தக் கருவிக்குள் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். எழுதப்பட்ட விவரத்தின் அருமை அங்கேதான் புரியும். மற்ற உறுப்புகளைக் கட்டுப்படுத்த எஸ்ஏ-1110 சிப்பில் இருக்கும் பொது முனைகள் ஐபேக்குக்குப் போதவில்லை. அதனால் காம்பாக் பொறியாளர்கள் பலகையில் கூடுதலாகப் பதினாறு சுவிட்சுகளைப் போன்ற ஒரு 16 பிட் பதிவகத்தை வைத்தார்கள். ஒரு பிட் திரைக்கு மின்சாரம் தரும், ஒன்று ஒலிப்பெருக்கியை எழுப்பும், ஒன்று அகச்சிவப்பு முனையை, இன்னொன்று சீரியல் முனையின் மின்சாரத்தை. சிக்கல் என்னவென்றால் அந்தப் பதிவகத்தில் எழுத மட்டுமே முடியும். இப்போது என்ன இருக்கிறது என்று படித்துப் பார்க்க முடியாது. ஒலியை மட்டும் எழுப்பலாம் என்று ஒரு பிட்டை எழுதினால், மற்ற பதினைந்தும் சேர்ந்துதான் எழுதப்படும். அவற்றை நினைவில் வைத்திராதவர், ஒலிச் சிப்பை எழுப்பிய அதே கணத்தில் சீரியல் முனையை அணைத்துவிடுவார். போர்ட் செய்கிறவருக்கு இருக்கும் ஒரே கண் அந்தச் சீரியல் முனைதான். கெர்னல் பேசுவதெல்லாம் அதன் வழியாகத்தான் பக்கத்துக் கணினியின் திரையில் வரிவரியாக வரும். திடீரென்று வரி நின்றுவிட்டால் கெர்னல் செத்ததா, வாய்தான் மூடிக்கொண்டதா என்று தெரியாது. இதற்காகவே ஐபேக்கின் கெர்னல், தான் கடைசியாக எழுதிய 16 பிட்டுகளின் நகலைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அந்த நகலைத் திருத்தி எழுதும். தெரிந்துவிட்டால் ஒரு வரி நிரல். தெரியாவிட்டால் ஒரு மாதம் போகும்.

தொடுதிரையும் அப்படியே. ஐபேக்கின் தொடுதிரை மையச் சிப்போடு நேரடியாக இணைந்திருக்காது. அட்மெல் நிறுவனத்தின் குட்டிச் சிப் ஒன்று நடுவே அமர்ந்து, தொடுதிரை, பொத்தான்கள், பின்னொளி, பேட்டரி அளவு எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டு, உள்ளுக்குள் ஓடும் சீரியல் தடம் வழியாகச் சிறு பொட்டலங்களாகச் செய்தி அனுப்பும். தொடக்க அடையாளமாக 2 என்ற எண், பிறகு செய்தியின் வகையும் நீளமும் சேர்ந்த ஒரு பைட், பிறகு விவரம், கடைசியில் சரிபார்ப்புக் கூட்டல். வகை 2 என்றால் பொத்தான், 3 என்றால் தொடுகை, 9 என்றால் பேட்டரி. காகிதத்தில் படிக்க எளிமை. இது எழுதிக் கிடைக்காமல், தடத்தில் ஓடும் மின்துடிப்பை மட்டும் பார்த்து ஊகிக்க வேண்டியிருந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். விவரம் மறைக்கப்பட்ட கருவிகளில் போர்ட் செய்கிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

ஏற்றும் சடங்கும் அன்றைக்கு லேசானதல்ல. விண்டோஸ் சிஇ இருக்கும்போதே ஃபிளாஷ் முழுவதையும் நகலெடுத்துவிட்டு, பூட்லோடரை மாற்றி எழுத வேண்டும். அந்தச் சில வினாடிகளில் மின்சாரம் போனால் கருவி செங்கல்தான். பெட்டியைப் பிரித்து ஜேடேக் என்ற சோதனை முனைகளைத் தேடினால்தான் மீட்சி. பூட்லோடர் உட்கார்ந்துவிட்டால் பிறகு பயமில்லை. சீரியல் கேபிளின் வேகம் நொடிக்கு 1,15,200 பிட். 16 எம்பியையும் அதன் வழியே தள்ளினால் கணக்குப்படி 24 நிமிடம் ஆகும். செட்டிநாட்டின் கோடைக்கால மின்வெட்டுக்கு அது தாராளமான அவகாசம்.

ஃபிளாஷில் கோப்புகளை வைப்பதும் தனிக் கலை. ஃபிளாஷில் ஒரு பைட்டை மட்டும் அழித்து எழுத முடியாது, ஒரு பெரிய தொகுதியையே அழிக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதிக்கும் அழிப்புக்கு ஆயுள் கணக்கு உண்டு. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எழுதினால் அந்த இடம் மட்டும் செத்துவிடும். ஸ்வீடனின் ஆக்சிஸ் நிறுவனம் இதற்காக உருவாக்கிய ஜேஎஃப்எஃப்எஸ் முறையை, ரெட் ஹாட்டில் இருந்த டேவிட் உட்ஹவுஸ் 2001இல் இரண்டாம் பதிப்பாகச் செதுக்கினார். எழுதுவதைச் சுருக்கி, ஃபிளாஷ் முழுவதும் பரப்பி எழுதும் அதுதான் 16 எம்பிக்குள் ஒரு முழு லினக்ஸை அடக்க உதவியது.

நெட்பிஎஸ்டிக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். எனக்கு அந்த வழியின்மேல்தான் பிரியம். விண்டோஸ் சிஇ கருவிகளுக்காக அவர்கள் மூன்று போர்ட்கள் வைத்திருந்தார்கள்: மிப்ஸ், ஆர்ம், எஸ்ஹெச் என்று சிப் வகைக்கு ஒன்று. ஃபிளாஷைத் தொடுவதே இல்லை. விண்டோஸ் சிஇக்குள் ஒரு சாதாரண நிரலாகத் தொடங்கி, மெமரி கார்டிலிருந்து கெர்னலை நினைவகத்துக்குக் கொண்டுவந்து, விண்டோஸை அந்த இடத்திலேயே ஓரங்கட்டிவிட்டுக் கட்டுப்பாட்டைக் கெர்னலிடம் கொடுத்துவிடும். பிடிக்கவில்லையா, ரீசெட் பொத்தானை அமுக்கினால் பழைய விண்டோஸ் ஒன்றுமறியாததுபோல் எழுந்துவரும். விசைப்பலகையோடு வந்த ஜோர்னாடா 720 இப்படித்தான் ஒரு குட்டி யூனிக்ஸ் கணினி ஆனது. ஒவ்வொரு முறையும் விண்டோஸ் வழியாகவே நுழைய வேண்டும் என்ற குறை உண்டு. ஆனால் கருவியைக் கொல்லாமல் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி இல்லை.

நம் நாட்டில் இதே எஸ்ஏ-1110 சிப்பை வைத்து எதிர்த்திசையில் ஒரு முயற்சி நடந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் நிறுவனத்தினரும் சேர்ந்து உருவாக்கிய சிம்ப்யூட்டர். யாரோ மூடிய கருவியைத் திறப்பதற்குப் பதிலாக, முதலிலிருந்தே லினக்ஸுக்காகக் கருவியை வடிவமைத்தார்கள். வன்பொருள் வடிவமைப்பையும் பொது உரிமத்தில் வெளியிட்டார்கள். ஆளுக்கொரு கருவி வாங்க முடியாத ஊரில், ஸ்மார்ட் கார்டைச் செருகி ஒரே கருவியைப் பலரும் பகிரலாம் என்பது அதன் யோசனை. 2001இல் மாதிரி வந்தது, 2004இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்த அமிடா சிம்ப்யூட்டர் கடைக்கு வந்தது. அதற்குள் செல்போன் விலை சரியத் தொடங்கியிருந்தது. எதிர்பார்த்த அளவில் விற்கவில்லை. தோற்ற கருவி என்று எழுதிவிடுகிறார்கள்; போர்ட் செய்கிறவனின் கண்ணால் பார்த்தால், எழுதிவைக்கப்பட்ட கருவி என்பதே அதற்குப் போதுமான பெருமை.

தமிழுக்கு வருவோம். கோயிலைச் சேர்ந்த குடும்பங்களின் பட்டியலான புள்ளிக் கணக்கை இப்படி ஒரு கருவியில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் நினைக்கிறார் என்று வையுங்கள். ஊரில் சொக்கலிங்கம் என்ற பெயரில் பத்துப் பேராவது இருப்பார்கள். யூனிக்கோடில் ‘சொ’ என்பது சகரம் ஒன்று, ஒகரக் குறி ஒன்று என்ற வரிசையில் சேமிக்கப்படும். திரையில் காட்டும்போதுதான் அந்தக் குறி இரண்டாகப் பிளந்து, கொம்பு முன்னாலும் கால் பின்னாலுமாக அமர வேண்டும். இதைச் செய்ய எழுத்துவடிவ எஞ்சின் ஒன்று தேவை. அது இல்லாத கருவியில் கொம்பும் காலும் புள்ளி வட்டத்தோடு தனித்தனியாகத் தொங்கும். பழைய டிஸ்கி குறிமுறை இதற்கு நேர்மாறானது. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பு, சகரம், கால் என்று மூன்று எண்களாகச் சேமித்துவிடும். எஞ்சின் வேண்டாம், எழுத்துரு இருந்தால் போதும். அகரவரிசைப்படுத்தவும் தேடவும் டிஸ்கி படுத்தும் பாடு வேறு கதை. ஆனாலும் 32 எம்பி நினைவகம் கொண்ட கருவியில் தமிழ் முதலில் ஒழுங்காகத் தெரிய அதுவே குறுக்குவழி.

திரையைப் பொறுத்தவரை கைக்கணினிகள் மேசைக் கணினிக்குச் செய்த உதவி ஒன்று பலருக்குத் தெரியாது. எக்ஸ் விண்டோ அமைப்பு, திரையின் அளவும் திசையும் தொடக்கத்தில் என்னவோ கடைசிவரை அதுவே என்று நம்பி எழுதப்பட்டது. கையில் பிடித்துப் படுக்கவைத்தும் நிறுத்தியும் பார்க்கும் கருவிக்கு இது ஆகாது. ஜிம் கெட்டிஸும் கீத் பேக்கார்டும் 2001இல் முன்வைத்த ரேண்ட்ஆர் நீட்டிப்பு இதைத் தீர்த்தது. இன்று லினக்ஸ் மடிக்கணினியில் புரொஜெக்டரைச் செருகியதும் படம் தானாகச் சரியாவது அந்த வழிவந்த வசதிதான்.

இன்னொரு வாரிசு அதைவிடப் பெரியது. 206 மெகாஹெர்ட்ஸ் கருவியில் அதற்கான நிரல்களைச் சிப்புக்குப் புரியும் வடிவுக்கு மாற்றிக் கம்பைல் செய்துகொண்டிருந்தால் விடிந்துவிடும். வேறு பெரிய கணினியில் கம்பைல் செய்து இங்கே கொண்டுவர வேண்டும். அது கேட்பதற்குத்தான் சுலபம். நிரல்களின் அமைப்புக் கோப்புகள், தாம் ஓடும் கணினியையே போய்ச் சேரும் கணினி என்று நினைத்துச் சோதனை நடத்தி, தப்பான முடிவுக்கு வந்துவிடும். நூற்றுக்கணக்கான நிரல்களுக்கு ஒவ்வொன்றாக இதைத் திருத்திக் களைத்த ஷார்ப் ஜாரஸ், ஐபேக், சிம்பேட் ஆகிய கைக்கணினிகளின் லினக்ஸ் குழுக்கள் 2003இல் கைகோத்து ஓப்பன்எம்பெடட் என்ற கட்டுமான அமைப்பை உருவாக்கின. ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு செய்முறைக் குறிப்பு. கருவியின் பெயரைச் சொன்னால் முழு இயங்குதளத்தையும் கட்டித் தரும். கருவிக்கேற்ற லினக்ஸைக் கட்டித்தர 2010இல் தொடங்கிய யோக்டோ திட்டத்துக்கு அடித்தளம் அதுவே. இன்று காருக்குள்ளும் டிவிக்குள்ளும் இருக்கும் லினக்ஸ் பெரும்பாலும் இந்த வழியில் பிறந்ததுதான். எல்ஜி டிவிகளின் வெப்ஓஎஸ் அதற்கு ஓர் உதாரணம். கைக்கணினிகள் செத்தன, அவற்றுக்காகக் கட்டிய பட்டறை பிழைத்துக்கொண்டது.

ஆண்ட்ராய்டு போன்களைப் பார்த்தால் நிலைமை தலைகீழ். கெர்னல் லினக்ஸ்தானே, பாதி வேலை முடிந்ததே என்று தோன்றும். முடியவில்லை. சிப் தயாரிப்பாளர் ஏதோ ஒரு பழைய கெர்னல் பதிப்பை எடுத்து, லட்சக்கணக்கான வரிகளைத் தம் இஷ்டத்துக்குச் சேர்த்து, போன் நிறுவனத்திடம் தருகிறார். அது மேலும் சிலவற்றைச் சேர்க்கிறது. லினக்ஸின் ஜிபிஎல் என்ற பொது உரிமம் கட்டாயப்படுத்துவதால் கெர்னல் மூலநிரலை வெளியிடுகிறார்கள், பல சமயம் தாமதமாகவும் அரைகுறையாகவும். திரை வரைகலை, கேமரா, மோடம் ஆகியவற்றின் உயிர்நாடி கெர்னலுக்கு வெளியே, மூலம் தராத இருமக் கோப்புகளில் இருக்கிறது. அதற்கும் முன்னால் பூட்லோடர் பூட்டு: நிறுவனத்தின் கையெழுத்து இல்லாத கெர்னலை அது ஏற்றாது. சில நிறுவனங்கள் விண்ணப்பித்தால் திறந்துதருகின்றன, சில நாள்கணக்கில் காக்கவைத்துத் தருகின்றன, சில எந்தக் காலத்திலும் தருவதில்லை.

இதைக் கையாள இரண்டு கட்சிகள் இருக்கின்றன. கார்ஸ்டன் முங்க் 2012இல் வெளியிட்ட லிப்ஹைப்ரிஸ் வழிக்காரர்கள் நிறுவனத்தின் கெர்னலையும் இருமக் கோப்புகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, ஆண்ட்ராய்டுக்கும் சாதாரண லினக்ஸுக்கும் நடுவே ஒரு பாலம் போடுகிறார்கள். செயில்ஃபிஷ் என்ற போன் இயங்குதளம் அந்த வழி. சீக்கிரம் பலன் தரும். ஆனால் நிறுவனம் கைவிட்ட பழைய கெர்னலோடு அந்தப் போனும் உறைந்துவிடும். மற்றக் கட்சி, லினக்ஸின் மூலக் கெர்னலிலேயே அந்தச் சிப்புக்கு ஆதரவு எழுதுகிறது. 2017இல் ஆலிவர் ஸ்மித் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் திட்டம் இதையே இலட்சியமாகக் கொண்டது. ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸ் விநியோகத்தை அடிப்படையாக வைத்து, ஒரு போனுக்குப் பத்து வருட ஆயுள் தரவேண்டும் என்பது அதன் பேச்சு. எனக்கு இரண்டாவது கட்சியில்தான் நம்பிக்கை. மெதுவாகப் போகும், ஆனால் ஒருமுறை மூலக் கெர்னலுக்குள் போன விவரம் எல்லோருக்கும் சொந்தம். அட்ரினோ வரைகலைச் சிப்பின் உள்வேலையை ராப் கிளார்க் வெளியிலிருந்தே ஆராய்ந்து ஃப்ரீட்ரீனோ டிரைவரை எழுதினார். அட்ரினோவை உள்ளடக்கிய ஸ்னாப்டிராகன் 845 சிப் கொண்ட எத்தனையோ போன்கள் அதனால் பயன்பெறுகின்றன. 2018இல் இந்தியாவில் வெளியாகிச் சக்கைப்போடு போட்ட போகோ எஃப்1 அவற்றுள் ஒன்று. நம் ஊர்ப் போன் ரிப்பேர் கடைகளின் இழுப்பறையில் தேடினால் அகப்படும்.

இவ்வளவுக்கும் மேல் போர்ட் செய்கிறவர்களைக் கடைசிவரை அழவைப்பது தூக்கம். திரை எரிந்தது, தொடுதல் வேலை செய்தது, நெட்வொர்க் வந்தது என்று கொண்டாடுவார்கள். பையில் போட்டால் மூன்று மணி நேரத்தில் பேட்டரி காலி. எஸ்ஏ-1110 சிப் தூங்கி எழும்போது விட்ட இடத்திலிருந்து தொடராது. புதிதாக ஆன் செய்ததுபோலப் பூட்லோடரிலிருந்தே எழும். தூங்கப்போவதற்கு முன் கெர்னல், தான் எங்கே எழவேண்டும் என்ற முகவரியை, தூக்கத்திலும் அழியாத ஒரு பதிவகத்தில் குறித்துவிட்டு, நினைவகத்தைத் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் நிலையில் விட்டுப் படுக்கும். எழுந்த பூட்லோடர், இது புதுப் பிறப்பா தூக்கத்திலிருந்து எழுந்ததா என்று இன்னொரு பதிவகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, குறித்த முகவரிக்குத் தாவ வேண்டும். பூட்லோடருக்கு இந்த ஒப்பந்தம் தெரியாவிட்டால் நினைவகத்தை முதலிலிருந்து துடைத்துவிடும். திறந்து வைத்த கோப்பெல்லாம் போச்சு. இன்றைய போன்களில் இந்த ஒப்பந்தம் பத்துச் சிப்களுக்கு நடுவே நடக்கிறது. அவற்றில் ஒன்று கண்ணயராவிட்டாலும் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும்.

எழுதிவைத்த விவரமும் என்றைக்கும் நிலைத்துவிடாது என்பதை 2023இல் பார்த்தோம். அந்த ஆண்டு வந்த லினக்ஸ் 6.3 பதிப்பில், டிவைஸ் ட்ரீக்கு மாறாத பழைய ஆர்ம் பலகைக் கோப்புகள் பெருமளவில் நீக்கப்பட்டன. நீக்கியவர்கள்மேல் குற்றமில்லை. கெர்னலில் ஒரு மாற்றம் செய்யும்போது அந்தக் கருவியில் போட்டுப் பார்த்து, ஓடுகிறது என்று சொல்ல ஆள் வேண்டும். பல கருவிகளுக்கு அப்படி ஒருவரும் மிஞ்சவில்லை. நீக்கிய நிரல் பழைய பதிப்புகளில் பத்திரமாகவே இருக்கிறது. வேண்டியவர் அங்கிருந்து எடுத்து, டிவைஸ் ட்ரீயாகத் திருத்தி, கையில் கருவியை வைத்துக்கொண்டு முன்வந்தால் திரும்பச் சேர்ப்பார்கள்.

பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு இறங்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியை. இருபது வருடம் காலியாகக் கிடந்த லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் ஏற்றிப் பார்க்கும் ஆசையே வேண்டாம். கழற்றிவிட்டு வெளி மின்சாரம் கொடுக்க வேண்டும். லித்தியம் பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர்போன மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953 முதல் இதே காரைக்குடியில் இருக்கிறது. ஐபேக்குக்கு மாற்றுப் பேட்டரி மட்டும் இந்த ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்காது. பழைய விண்டோஸ் சிஇ கருவிகள் தொடர்பு எண்களையும் குறிப்புகளையும் நினைவகத்தில்தான் வைத்திருந்தன. பேட்டரி இறங்கிய அன்றே அவையும் போயிருக்கும் என்பதால், அப்பச்சியின் குறிப்புகளை மீட்கலாம் என்று வீட்டாருக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம். அடுத்தது சீரியல் கேபிள். ஐபேக்கின் தாங்கியில் வரும் முனை பழைய ஆர்எஸ்-232 மின்னழுத்தத்தில் பேசும். போன்களின் பலகையில் உள்ள சோதனை முனைகள் பெரும்பாலும் 1.8 வோல்ட். கடையில் கிடைக்கும் 3.3 வோல்ட் யூஎஸ்பி சீரியல் கேபிளை அப்படியே போனில் கொடுத்தால் முனை கருகிவிடலாம். நடுவே மின்னழுத்தம் மாற்றும் சிறு பலகை ஒன்றை வைத்துத்தான் இணைக்க வேண்டும்.